இருபத்தொன்பது டிகிரி தில்லைநாதன்

என் அக்கா புருஷன் தில்லைநாதனைப் பற்றி வேறு யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த உரிமை எனக்கு மட்டும்தான். முப்பது வருஷமாக அந்த மனுஷனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறவன் நான். என் பெயர் தட்சிணாமூர்த்தி. சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகிற மினி பஸ்ஸில் கண்டக்டர். நாள் பூராவும் கத்துகிற வேலை. எழுதும்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குக் கடலூர் பக்கம் குடிகாட்டில், ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. எந்தப் பாத்திரம் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது, எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று காட்டுகிற மீட்டர்களைச் சரிபார்த்து வைப்பவர். காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார். அங்கே மீட்டரையே பார்த்துப் பார்த்து, வீட்டிலும் மீட்டர் சொல்லாத எதையும் நம்பாதவராகிவிட்டார். "காபி ஆறிப்போச்சு, குடிங்க" என்று அக்கா நீட்டினால், விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் அம்பது இருக்கும், வை" என்பார்.

2004இல் அவர் மகள் மோகனப்பிரியா ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மாதிரித் தேர்வு அன்றைக்குக் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டாள். இந்த மனுஷன் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு லீவு லெட்டர் எழுதினார். 'என் மகளுக்கு உடல் சூடு 99.1 டிகிரி. இதைக் காய்ச்சல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் விடுப்பு அளிக்கவும்.' ஹெட்மிஸ்ட்ரஸ் அதைப் படித்துவிட்டு ஆளனுப்பி அவளைப் பரீட்சைக்கு வரவழைத்தார். மூன்று நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை. "நூறுன்னு எழுதினா குடியா முழுகிடும்?" என்று நான்கூடச் சண்டைக்குப் போனேன். "இல்லாத ரீடிங்க எப்பிடி மச்சான் எழுதறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அதுதான் எனக்கு எரிச்சல்.

அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல் ஃபேன் சண்டை. என் அக்கா தனத்துக்கு எந்நேரமும் மூக்கடைப்பு, காற்று முகத்தில் பட்டால் வரிசையாகப் பதினோரு தும்மல். மாமாவோ நாளெல்லாம் கொதிகலன் பக்கத்தில் நின்று வேகிறவர். வீட்டுக்குள் கால் வைத்ததும் ஃபேன் அஞ்சாம் நம்பரில் சுற்ற வேண்டும். இவர் ஏற்றுவார், அவள் இறக்குவாள். இவர் மறுபடி ஏற்றுவார், அவள் எழுந்து போய் நிறுத்தியேவிடுவாள். "மனுசன் வேர்வையில சாவறேன்டி" என்பார் இவர். "நான் தும்மியே சாவறேன், அது பரவால்லியா?" என்பாள் அவள். நடுவில் நான் சாப்பிடப் போயிருந்தால், "நீயே சொல்லுடா, காத்து ஜாஸ்தியா இல்லியா?" என்று என்னை இழுப்பாள். எந்தப் பக்கம் பேசினாலும் எனக்கு அன்றைக்கு ரசத்தோடு சரி.

2010 ஆனி மாதத்தில் மாமா சென்னைக்குப் போய்விட்டு ஒரு வெள்ளை டப்பாவோடு வந்தார். கைக்கு அடக்கமான டப்பா. பின்னால் பிளக், முன்னால் இன்னொரு பிளக்கைச் செருகத் துளை. மேலே சிவப்பு எழுத்தில் டிகிரி ஓடும், கீழே செட்டிங்கைப் புள்ளி ஒன்று ஒன்றாக ஏற்றவும் இறக்கவும் ரெண்டு பட்டன். எலிவால் மாதிரி ஒரு ஒயர் தொங்கியது, அதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு குமிழ். அந்தக் குமிழ்தான் சூட்டை உணருமாம்.

"தெர்மோஸ்டாட்" என்றார், கோயில் பிரசாதத்தைக் காட்டுகிற மாதிரி. "ரூம்ல இருபத்தொம்பது டிகிரி தாண்டினா ஃபேனு தானா ஓடும். இருபத்தெட்டுக்குக் கீழ வந்தா தானா நிக்கும். இனிமே நீயும் சொல்லாத தனம், நானும் சொல்லல. மிஷின் சொல்லட்டும்."

கூடத்தில் இருந்த ரெண்டு சுவர் ஃபேன், ஒரு சீலிங் ஃபேன், மூன்றையும் அந்த டப்பாவோடு சேர்த்துக் கட்டிவிட்டார். போர்டில் இருந்த பழைய சுவிட்சுகளுக்கும் ஃபேனுக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. அவற்றைக் கழற்றவும் இல்லை, பார்க்க நன்றாக இருக்கிறதாம். டப்பாவைச் செருகிய சாக்கெட்டின் சுவிட்ச் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, 'தொடாதே' என்று எழுதிவைத்தார். எலிவால் குமிழை எங்கே தொங்கவிடுவது என்று நாலு நாள் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஈசானி மூலையில் ஓர் ஆணி அடித்தார். அந்த உயரத்தில்தான் ஃபேன் காற்று நேராகப் படாது, நிஜமான சூடு தெரியும் என்றார்.

சித்திரை, வைகாசியில் ஃபேன் நிற்கவே நிற்காது. மார்கழியில் ஓடவே ஓடாது. அந்த மாதங்களில் யாருக்கும் பிரச்சினை இல்லை. மழைக்காலத்திலும் தை, மாசியிலும்தான் டப்பாவின் ஆட்சி. வெளியூரிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்கிற ஆளிடம், "இருபத்தெட்டு புள்ளி ஆறுதான் இருக்கு. செத்த பொறுங்க, வந்துடும்" என்பார் மாமா. ஃபேன் வருவதற்குள் ஆள் போய்விடுவான். அடுத்த வீட்டு ராமாமிர்தம் ஒருநாள் பேப்பர் படிக்க வந்தவர், படிக்காமல் அதையே விசிறியாக்கி அரைமணி விசிறிவிட்டு எழுந்துபோனார். அதிலிருந்து மாமாவுக்குத் தெருவில் 'இருபத்தொன்பது' என்று பெயர். "இருபத்தொன்பது வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், குடிகாட்டிலிருந்து மாமா வந்துவிட்டாரா என்று அர்த்தம்.

ஆனால் சண்டை நின்றது, அதை நான் மறைக்கக் கூடாது. ஃபேன் நின்றால் இவர் வாயைத் திறக்காமல் வேர்ப்பார். ஃபேன் ஓடினால் அவள் வாயைத் திறக்காமல் தும்முவாள். கஷ்டத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு ரெண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள்.

இப்போது மோகனப்பிரியா விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் அவளுக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. வந்த வரன்கள் மூன்றும் தட்டிப்போயிருந்தன. ஒன்று ஜாதகத்தில், ஒன்று உயரத்தில், மூன்றாவது எதனால் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நாலாவதாக மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஜெயப்பிரகாஷ் என்று ஒரு பையன். கடலூரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பிடித்துப்போய், மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூ வைத்துத் தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

அதற்கு ரெண்டு நாள் முன்னால் மோகனப்பிரியா என் பஸ்ஸில் ஏறினாள். குமராட்சி வரை டிக்கெட் வாங்கிக்கொண்டாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. கூட்டம் இறங்கினதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, எனக்கு இந்த எடம் அமையணும்."

"அமையும், போ."

"அப்பிடி இல்ல மாமா. மத்த மூணு பேரு போனப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. இவரு போயிட்டா என்னால தாங்க முடியாது. அவுங்க அம்மா சகுனமெல்லாம் ரொம்பப் பாப்பாங்களாம். நீ கூடவே இருந்து எல்லாம் சரியா நடக்குதான்னு பாத்துக்க."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நான் தூக்கி வளர்த்த பெண். "நான் இருக்கேன்ல, எவன் என்னா பண்ணிடுவான்?" என்று வீறாப்பாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த வருஷம் கரெண்ட் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. ஆறிலிருந்து ஏழு வரை இருக்கும் என்று கணக்குப் பார்த்து, அதற்குள் எல்லாவற்றையும் முடிக்க ஏற்பாடு. ஆறு மணிக்கு வேன் வந்தது. பதினான்கு பேர். நம் ஆட்களையும் சேர்த்துக் கூடத்தில் இருபத்தைந்து தலை. பையனின் அம்மா ராசம்மாள் நடுவில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். ஒல்லியான அம்மா, சிரிக்கிற முகம் இல்லை. பக்கத்தில் பையனின் தாய்மாமன், மீசையும் அவரும்.

குத்துவிளக்கை அக்கா ஈசானி மூலையில் வைத்திருந்தாள். நல்ல காரியத்துக்கு விளக்கு வேறெங்கே வைப்பார்கள்? சுவரில் அந்த டப்பாவும் ஒயரும் அசிங்கமாகத் தொங்குகிறதென்று முல்லைச் சரத்தைச் சுற்றி டப்பாவையும் குமிழையும் மறைத்திருந்தாள். மாமா வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார், இதைக் கவனிக்கவில்லை.

"டேய், விளக்கு ஏத்தப் போறேன், ஃபேன நிறுத்துடா" என்றாள் அக்கா. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் விளக்கேற்றுமுன் சொல்கிற சொல் இது. நான் போர்டுக்குப் போய்ப் பழைய கைப்பழக்கத்தில் மூன்று சுவிட்சையும் தட்டினேன். மூன்று ஃபேனும் நின்றன.

அது நான் தட்டி நின்றதில்லை. பொழுது சாய்ந்து வெளிச்சூடு தணிந்ததில், கூடம் இருபத்தெட்டுக்குக் கீழே போன அதே நேரம் அது. தானாக நின்றதை நான் நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு, பெரிய காரியம் செய்தவன் போல வந்து உட்கார்ந்தேன்.

ஐந்து முகமும் எரிந்தது. இருபத்தைந்து பேரின் உடம்புச் சூடு வேறு. ஃபேன் இல்லாமல் எல்லோரும் நெற்றியைத் துடைத்தபடி இருந்தார்கள். பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மோகனப்பிரியா பச்சைப் பட்டில் வந்து விழுந்து கும்பிட்டுவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள். அக்காவும் மாமாவும் ஒரு பக்கம், ராசம்மாளும் தாய்மாமனும் ஒரு பக்கம். தட்டை மாற்றுவதற்குக் கை நீட்டினார்கள்.

டக் என்றது. மூன்று ஃபேனும் ஒரேயடியாகக் கிளம்பின. ஐந்து திரியும் அணைந்து, புகை நேராகப் போய் ராசம்மாள் முகத்தில் அடித்தது.

ராசம்மாள் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஃபேன நிறுத்தலியாடா பாவி!" என்று அக்கா அலறினாள்.

"நிறுத்தனேன்க்கா! போய் சுவிட்சப் பாரு!"

எல்லோரும் திரும்பி போர்டைப் பார்த்தார்கள். மூன்று சுவிட்சும் ஆஃபில் இருந்தன. மேலே மூன்று ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான், மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்கள் குழந்தைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"சுவிட்சு நின்னிருக்கு, ஃபேனு ஓடுது. என்னா வீடுங்க இது?" என்று தாய்மாமன் எழுந்துவிட்டார்.

"அது தெர்மோஸ்டாட்டுங்க" என்று மாமா ஆரம்பித்தார். இருபத்தொன்பது, இருபத்தெட்டு, எலிவால், குமிழ், எல்லாவற்றையும் சொன்னார். குறுக்கே பேசவே விடாமல் நாலு நிமிஷம் சொன்னார். முல்லைச் சரத்தை விலக்கி டப்பாவைக் காட்டினார். நேரம் காலம் தெரியாமல், "ரொம்ப நல்ல அயிட்டம்" என்று வேறு சேர்த்துக்கொண்டார். எனக்கு அந்தச் சரத்தாலேயே அவர் வாயைக் கட்டலாமா என்றிருந்தது.

"விளக்கு அணைஞ்சதுக்கு மிஷின் மேல பழி போடறீங்க" என்றார் தாய்மாமன். "நல்ல காரியத்துல இப்பிடி ஆச்சுன்னா யோசிக்கணும். எழுந்திரு ராசம்மா, போவலாம்."

அடுக்களை வாசலில் மோகனப்பிரியா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா அவளைப் பார்த்தார். பிறகு ஒரு பேச்சுப் பேசினார் பாருங்கள்.

"இருங்க. மறுபடி ஏத்தச் சொல்றேன். சூடு ஏறும், ஃபேனு தானா ஓடும், விளக்கு அணையும். அணைஞ்சிதுன்னா அது மிஷின் வேல. அணையலன்னா நீங்க சொல்றது சரி, நான் ஒண்ணும் பேசல."

பெண்ணின் கல்யாணத்தை அந்த டப்பாவின் மேல் கட்டிவிட்டார் மனுஷன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். ராசம்மாள் மாமாவை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஏத்துங்க" என்றார்.

சூடு இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கி ஃபேன் நின்றதும், அக்கா ஐந்து முகத்தையும் மறுபடி ஏற்றினாள். மாமா டப்பாவைப் பார்த்துப் படித்தார். "இருபத்தெட்டு புள்ளி ஒண்ணு. புள்ளி மூணு." அதோடு கரெண்ட் போய்விட்டது.

மணி ஏழுகூட ஆகவில்லை, பத்து நிமிஷம் முன்னாலேயே பிடுங்கிவிட்டான். இருட்டில் அந்த விளக்கு மட்டும் அசையாமல் நின்று எரிந்தது. அவ்வளவு அழகாக ஒரு விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. ஊதி அணைக்கவும் கூடாது, சாமி விளக்கு. கரெண்ட் வந்தால்தான் தீர்ப்பு. வெக்கை தாங்காமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். பையன் ஜெயப்பிரகாஷ் என்னிடம் வந்து, "அந்த செட்டிங்க கொஞ்சம் கொறைச்சி வைக்க முடியாதா மாமா?" என்று காதோடு கேட்டான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மாமா காதில் அது விழுந்துவிட்டது. "அது தப்புங்க தம்பி" என்றார்.

எட்டு மணிக்குக் கரெண்ட் வந்தது. எல்லோரும் உள்ளே ஓடினோம். சிவப்பு எழுத்து இருபத்தேழு புள்ளி ஒன்பது என்று காட்டியது. ஒரு மணி நேரம் மாசிப் பனி கூடத்துக்குள் இறங்கி எல்லாவற்றையும் குளிர வைத்திருந்தது. கதவைச் சாத்தினோம். அக்கா எண்ணெய் விட்டாள். இருபத்தெட்டு புள்ளி ரெண்டு. புள்ளி நாலு. தாய்மாமன்கூட எட்டி நின்று படிக்க ஆரம்பித்துவிட்டார். புள்ளி ஆறு. புள்ளி ஏழு.

அங்கேயே நின்றது.

புள்ளி ஆறுக்கு இறங்கியது. மறுபடி ஏழு. மறுபடி ஆறு. ஏழு. பத்து நிமிஷம். விளக்கு ஜம்மென்று எரிந்தது. மோகனப்பிரியா அடுக்களை வாசலில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். உதடு அசைந்தது. சாமி விளக்கு அணையணும் என்று சாமியையே வேண்டிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். அக்காவும் அதையேதான் வேண்டினாள். நானும்தான்.

"சரி, பாத்தாச்சு" என்று தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

மாமா டப்பாவுக்குப் பக்கத்தில் போனார். சரத்தைச் சரிசெய்கிற மாதிரி கையை வைத்தார். நான் அவருக்கு நேர் பக்கவாட்டில் நின்றேன். முல்லைப் பூவுக்குள் அவருடைய கட்டைவிரல் மெதுவாக அமுங்கியது. ஒருதரம். ரெண்டுதரம். மூன்றுதரம். 99.1ஐ நூறு என்று எழுதாத கை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலாவது அமுக்கலில் டக் என்றது. மூன்று ஃபேனும் ஓடின. ஐந்து திரியும் அணைந்தன.

முதலில் கைதட்டியது தாய்மாமன்தான். "அட, ஆமாய்யா! மிஷினேதான்!" கூடமே கைதட்டியது. விளக்கு அணைந்ததற்குக் குலவை போடாத குறை. மோகனப்பிரியா அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். மாமா பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அக்கா மூன்றாம் முறையாக விளக்கேற்றினாள். தட்டு மாறியது, பூ வைத்தார்கள். பதினான்கு பேரும் வேர்த்து ஒழுக உட்கார்ந்து கேசரி, பஜ்ஜி, சாப்பாடு என்று ஒன்று விடாமல் சாப்பிட்டார்கள். எனக்கு அன்றைக்கு ரசம்கூட மிஞ்சவில்லை.

வேன் கிளம்பும்போது ராசம்மாள் ஏறாமல் மாமாவைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார். நான் தாம்பூலப் பைகளோடு பின்னால் நின்றேன்.

"சம்பந்தி, எனக்குக் கண்ணாடி இல்லாமயே நல்லாத் தெரியும். பட்டன அமுக்கனீங்க இல்ல?"

மாமா முகம் செத்துப்போனது. இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமாங்க" என்றார். "இருபத்தெட்டு புள்ளி ஏழுதாங்க இருந்துச்சு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்கும் மொதல்ல ஒரு எடம் பேசனாங்க" என்றார் ராசம்மாள். "நல்ல மனுசன். எனக்குப் புடிச்சிருந்துது. தட்டு மாத்தற அன்னிக்கு ஒடைச்ச தேங்கா அழுவலா இருந்துச்சு. அவுங்க எழுந்து போயிட்டாங்க. எங்கப்பா தலையக் குனிஞ்சிகினு உக்காந்திருந்தாரு. உள்ள ஒரு கூடை தேங்கா கெடந்துச்சு சம்பந்தி. இன்னொண்ண ஒடைச்சிப் பாருங்கன்னு சொல்ல அவருக்கு வாய் வரல."

மாமா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராசம்மாள் வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, தலையை வெளியே நீட்டினார்.

"பொண்ண சந்தோசமா அனுப்புங்க. சீரோட சேத்து அந்த மிஷின மட்டும் அனுப்பிடாதீங்க."